கிடாக் கொம்பைச் சுவரில் மாட்ட ஆசையா? முதலில் அடுப்பை அணையுங்கள்

போன சித்திரையில் கோயில் கொடைத் திருவிழா முடிந்த மறுநாள் காலையில் சித்தப்பா மகன் ஒரு சாக்குப்பையோடு வாசலில் வந்து நின்றான். உள்ளே ஒரு கிடாத் தலை, கொம்பு நன்றாகச் சுருண்டு கன்னத்தைத் தொட்டுக்கொண்டு இருந்தது. "அண்ணே, ஒங்க வீட்டுச் செவத்துல மாட்டிருக்கியள்லா, அதே மாதிரி எனக்கும் ஒண்ணு செஞ்சு தாங்க" என்றான். நான் செய்து தரவில்லை, பக்கத்தில் உட்கார வைத்து அவனையே செய்ய வைத்தேன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லாம் நான் நாலைந்து தலைகளைக் கெடுத்துக் கற்றுக்கொண்டது.

தொடங்கும் முன்னே ஒன்று. இந்த வேலையைப் பற்றித் தேடுகிறவர்களில் பாதிப் பேர் மனதில் இருப்பது மான் கொம்பு. அது வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு விலங்கின் கொம்பு, தோல், பல், ஓடு எதுவும் நம்முடையது இல்லை, அரசாங்கச் சொத்து. "நான் வேட்டையாடவில்லையே, களக்காட்டுப் பக்கம் தானாக உதிர்ந்து கிடந்ததைத்தானே எடுத்தேன்" என்று சொன்னாலும் செல்லாது. காட்டு விலங்கு சம்பந்தப்பட்ட ஒன்று கையில் கிடைத்தால் 48 மணி நேரத்துக்குள் போலீசிடமோ வனத்துறையிடமோ தெரிவிக்க வேண்டும் என்பது விதி. வல்லநாட்டு வெளிமான் அந்தச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிற விலங்கு, அதில் மாட்டினால் தண்டனையே மூன்று வருடத்தில்தான் ஆரம்பிக்கிறது. பழைய பங்களாக்களில் மாட்டியிருக்கிறார்களே என்று கேட்காதீர்கள், அதற்கெல்லாம் உரிமைச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. அது இருக்கிறவர்களுக்குக் கடைசியில் இரண்டு வரி எழுதியிருக்கிறேன்.

நமக்கு ஆடு போதும். உண்மையாகச் சொன்னால் புள்ளிமான் கொம்பைவிட நல்ல கீழக்கரிசல் செம்மறிக் கிடாவின் முறுக்குக் கொம்புதான் எனக்கு அழகாகப் படுகிறது. வேம்பூர்க் கிடாவுக்கும் கொம்பு உண்டு, பெட்டைக்கு இருக்காது. வெள்ளாடு என்றால் கன்னி ஆடு, கொடி ஆடு. அவற்றின் கொம்பு சுருளாமல் பின்னால் சாயும், சுவரில் இடம் குறைவாகப் பிடிக்கும்.

ஆட்டுக் கொம்பும் புள்ளிமான் கொம்பும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே தெரிந்துகொள்ளுங்கள், வேலைக்கு இது முக்கியம். புள்ளிமான் கொம்பு முழுக்க எலும்பு, வருடா வருடம் உதிர்ந்து முளைப்பது. ஆட்டுக் கொம்பில் வெளியே இருப்பது உறை, நம் நகம் எந்தப் பொருளோ அதே பொருள். உள்ளே மண்டையிலிருந்து கிளம்பிய எலும்பு ஒரு குச்சி போல நிற்கும். இரண்டுக்கும் நடுவில் மெல்லிய சதை. அந்தச் சதையை எடுக்காமல் விட்டால் உங்கள் வீட்டு வரவேற்பறை ஆறு மாதத்துக்கு நாறும்.

தலை வாங்குவது

கறிக்கடையில் தலை கேட்டால் அண்ணாச்சி பழக்கதோஷத்தில் வாட்டி, மூளைக்காக மண்டையை இரண்டாகப் பிளந்துதான் கொடுப்பார். முந்தின நாளே போய், "வாட்டாம, ஒடைக்காம, கொம்போட முழுசா வேணும்" என்று சொல்லி வையுங்கள். சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. தீயில் வாட்டிய தலை இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. கொம்பு உறை பொரிந்துவிடும், எலும்பில் கரி ஏறினால் எந்த மருந்துக்கும் போகாது.

கொடைக் கிடா என்றால் தலை யாருக்குப் போகும் என்பது ஊருக்கு ஊர், கோயிலுக்குக் கோயில் வழக்கம். வெட்டு விழுந்த பிறகு போய் நின்று கேட்பது மரியாதை இல்லை. முன்கூட்டியே பங்குக்காரரிடம் பேசி, கறியை அவர் எடுத்துக்கொண்டு மண்டையோட்டை மட்டும் நமக்குத் தரச் சொல்லலாம். நான் இரண்டு முறை அப்படித்தான் வாங்கினேன்.

தானாகச் செத்த ஆட்டின் தலையைத் தொடாதீர்கள். நேற்று வரை மேய்ந்த ஆடு திடீரென்று விழுந்து செத்து, மூக்கிலோ வாயிலோ உறையாத ரத்தம் வந்திருந்தால் அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். அது மனிதனுக்கும் தொற்றும், அதன் வித்து மண்ணிலும் தோலிலும் பல வருடம் கிடக்கும். அந்த உடம்பை அறுக்கவே கூடாது, கால்நடை மருத்துவருக்குச் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடுங்கள். நல்ல ஆடு என்றாலும் கையுறை போட்டுக்கொண்டே வேலை செய்யுங்கள், கையில் வெட்டுக்காயம் இருந்தால் அது ஆறட்டும்.

தோலும் சதையும்

தோலை உரித்து, கண், நாக்கு, கன்னச் சதை எல்லாவற்றையும் முடிந்தவரை கத்தியால் எடுத்துவிடுங்கள். எலும்பைச் சுரண்ட வேண்டாம், கீறல் விழுந்தால் கடைசிவரை தெரியும். ஒட்டிக்கொண்டு வராததை அப்படியே விடுங்கள், அதைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். தாடைச் சதையைக் கறியாகக் குழம்பு வைத்தாலும் தப்பில்லை, எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆயிற்று.

மூளைக்கு ஒரு வழிதான். பிடரியில் கழுத்தெலும்பு சேர்கிற இடத்தில் விரல் நுழைகிற அளவு ஓட்டை இருக்கும். கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து உள்ளே விட்டுச் சுற்றிக் கலக்கி, தோட்டத்துக் குழாயை வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சினால் கூழாக வெளியே வரும். ஒரே தடவையில் வராது. மீதி ஊறலில் போகும்.

ஊறப்போடுதல்: நம்ம வெயிலுக்கு என்று இருக்கிற வேலை

எல்லாரும் செய்கிற முதல் தப்பு பெரிய அண்டாவில் போட்டுக் கொதிக்க வைப்பது. நானும் செய்தேன். இரண்டு மணி நேரத்தில் சதை கழன்றது, ஆகா என்று இருந்தது. ஆனால் கொதி தண்ணீர் கொழுப்பை உருக்கி எலும்புக்குள்ளேயே ஏற்றிவிடுகிறது. மூன்று மாதம் கழித்து நெற்றியில் மஞ்சளாக எண்ணெய்த் திட்டு, அதில் தூசி ஒட்டி, துடைக்கத் துடைக்கப் பிசுபிசுப்பு. மூக்குக்குள்ளே பனை ஓலையைச் சுருட்டி வைத்தது போல மெல்லிசாக எலும்புச் சுருள்கள் இருக்கும், அவை கொதியில் உடைந்து பொலபொலவென்று கொட்டிவிட்டன. இளங்கிடா என்றால் மண்டையின் தையல் விட்டுத் துண்டு துண்டாகவே வந்துவிடும்.

அதனால் அடுப்பு வேண்டாம். 20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்று மூடியோடு எடுத்துக்கொள்ளுங்கள். தலையைப் போட்டு முழுக்க மூழ்கும்படி சாதாரணத் தண்ணீர் ஊற்றி, வெயில் படுகிற இடத்தில் வைத்துவிடுங்கள். உப்பு, சோப்பு, மருந்து எதுவும் இப்போது போடக் கூடாது. சதையைத் தின்பது தண்ணீரில் பெருகும் பாக்டீரியாதான், மருந்து போட்டால் அதுவும் செத்துவிடும். குளிர் நாடுகளில் இதற்கு மீன்தொட்டி ஹீட்டர் வாங்கித் தண்ணீரை 30, 35 டிகிரிக்கு வைத்திருக்கிறார்கள். நமக்குப் பங்குனியிலிருந்து ஆவணிவரை அதைச் சூரியன் சும்மா செய்து தருகிறது. கோடையில் எனக்கு இரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம் ஆகியிருக்கிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் ஆரம்பித்த ஒன்று ஒன்றரை மாதம் இழுத்தது.

தண்ணீர் முதலில் சிவக்கும், பிறகு சாம்பலாகும், மேலே ஆடை கட்டும். நாலைந்து நாளைக்கு ஒருமுறை பாதித் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். முழுக்கக் கொட்டினால் வேலைக்காரர்களை எல்லாம் கொட்டிவிட்டுப் புதிதாக ஆள் பிடிப்பது மாதிரி, வேகம் நின்றுவிடும். கொட்டும் தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள், குழி வெட்டி ஊற்றி மண் தள்ளுங்கள். கொட்டும்போது பழைய கொசுவலையையோ அரிப்பையோ கீழே பிடித்துக்கொள்வது அவசியம், ஏனென்றால் பல் கழன்று விழுவது இந்தக் கட்டத்தில்தான்.

நாற்றத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம் பிடிக்கும். நாறும், மோசமாகவே நாறும். முதல் தடவை பாளையங்கோட்டையில் வாடகை வீட்டு மொட்டைமாடியில், ஆனி மாதக் கடைசியில் வைத்தேன். அந்த மாதத்தில் மேற்குக் காற்று எப்படி அடிக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் நாள் கிழக்கு வீட்டு ஆச்சி மாடிப்படி ஏறி வந்து, "ஏ தம்பி, எலி எதுவும் செத்துக் கெடக்கா பாரும்" என்றார்கள். நானும் சேர்ந்து அரை மணி நேரம் எலியைத் தேடினேன். அன்று ராத்திரியே வாளியை டூவீலரில் வைத்து ஊர்த் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டேன். மூடியை இறுக்கி, மேலே ஒரு கல்லும் வையுங்கள். கல் வைக்காததால் நாய் தள்ளிவிட்டு, என் முதல் தலைக்கு இன்றைக்கும் கீழ்த்தாடை ஒரு பக்கம் மட்டும்தான்.

கொம்பு உறையை எடுப்பது இந்தக் கட்டத்தில். ஐந்தாறு நாள் ஊறிய பிறகு தலையை வெளியே எடுத்து, உறையைப் பிடித்து அதன் முறுக்கு போகிற திசையிலேயே மெதுவாகத் திருகிப் பாருங்கள். சுருள் கொம்பை நேராக இழுத்தால் வராது, திருகாணியைக் கழற்றுவது போலக் கழற்ற வேண்டும். அசையவில்லை என்றால் மறுபடி போட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். கழன்று வரும்போது புளக்கென்று ஒரு சத்தம் கேட்கும், கூடவே ஒரு வாடை வரும், அதை நான் வர்ணிக்கப் போவதில்லை. உறையை உள்ளேயும் வெளியேயும் பிரஷ் போட்டுச் சோப்பில் கழுவி நிழலில் காய வையுங்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும். கழற்றிய பிறகு அதை ஊறவும் போடாதீர்கள், அடுக்கு அடுக்காக உரியும். வலது எது, இடது எது என்று நூல் கட்டி வையுங்கள்.

வாளி வைக்க இடமில்லாதவர்கள் மண்ணில் புதைக்கிறார்கள். அதுவும் நடக்கும், ஆனால் கரிசலில் புதைத்தால் எலும்பு சாயம் ஏறிப் பழுப்பாகும், தேரி மண் என்றால் சிவக்கும். பழைய மண்பானையில் ஆற்று மணல் போட்டு அதற்குள் வைத்துப் புதைத்தால் கொஞ்சம் தேவலை. நாலைந்து மாதம் ஆகும். இன்னொரு வழி வண்டு. கருவாட்டுப் பானையில் மயிர் முளைத்த பழுப்புப் புழு ஒன்று பார்த்திருப்பீர்கள், உவரி, கூடுதாழைப் பக்கம் கருவாடு காயப்போடுகிறவர்களுக்கு அது தீராத் தொல்லை. வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் அந்தக் குடும்பத்து வண்டைத்தான் வளர்த்து எலும்பு சுத்தம் செய்கிறார்கள். மிக நுணுக்கமான வேலை செய்யும். ஆனால் பட்டுச் சேலையும் தோல் செருப்பும் இருக்கிற வீட்டில் அதை வளர்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

கொழுப்பு எடுப்பது

சதை போனதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்து வெள்ளையாக்க ஓடுவார்கள். நில்லுங்கள். எலும்புக்குள் கொழுப்பு இருக்கிறது, இந்த வேலையில் பாதி இதுதான், பொறுமை தேவைப்படுவதும் இங்கேதான்.

வாளியைக் கழுவிவிட்டுத் தண்ணீர் ஊற்றி, பாத்திரம் விளக்குகிற லிக்விடை ஒரு கை அளவு விட்டு, தலையைப் போட்டு மறுபடி வெயிலில் வையுங்கள். வாளிக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்தால் தண்ணீர் இன்னும் சுடும், சுடச்சுடக் கொழுப்பு சீக்கிரம் கழலும். கை பொறுக்கும் சூடு சரி, கொதி கூடாது. இரண்டு மூன்று நாளில் தண்ணீர் கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கும், மேலே கண் கண்ணாக எண்ணெய் மிதக்கும். கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். ஒரு வாரம் வைத்தும் தண்ணீர் கலங்கவில்லை என்றால்தான் முடிந்தது. ஆட்டுக்கு மூன்று வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரை ஆகலாம். பன்றி என்றால் வருடக்கணக்கு, அதில் இறங்காதீர்கள்.

முடிந்ததா என்று பார்க்க, எடுத்து நாலு நாள் நிழலில் காய வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். மெழுகு போல மஞ்சளாக, கொஞ்சம் கண்ணாடித்தனமாகத் தெரிகிற இடம் இருந்தால் அங்கே கொழுப்பு இருக்கிறது. மறுபடி வாளிக்குள்.

வெள்ளை

பிளீச்சிங் பவுடர் வேண்டாம். இது என் இரண்டாவது பாடம். பஞ்சாயத்தில் தெளிக்கிற பவுடரைக் கரைத்து ஒரு ராத்திரி போட்டேன். காலையில் பால் வெள்ளை, தெருவுக்கே காட்டினேன். அடுத்த வருடம் தூசி தட்ட எடுத்தபோது மூக்கு நுனி சாக்பீஸ் மாதிரி விரலோடு வந்துவிட்டது. குளோரின் எலும்பைப் பிடித்து வைத்திருக்கிற பொருளையே அரித்துவிடுகிறது, கழுவினாலும் அரிப்பு நிற்பதில்லை.

மருந்துக் கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடு கேளுங்கள். பெரும்பாலும் 6 சதவீதம் கிடைக்கும், சம அளவு தண்ணீர் கலந்தால் 3 சதவீதம், அது போதும். தலை மூழ்க நாலைந்து பாட்டிலாவது வேண்டும். சாயப்பட்டறைக்கு வருகிற 50 சதவீதத்தை வாங்கி வந்து சாமர்த்தியம் காட்டாதீர்கள், தோலில் பட்டால் வெந்துவிடும். பிளாஸ்டிக் பாத்திரம்தான், இரும்பு கூடாது. மூடியை இறுக்கக் கூடாது, உள்ளே ஆக்சிஜன் நுரைத்துக்கொண்டே இருக்கும். நிழலில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். கொம்பு உறையை இதில் போடாதீர்கள், நிறம் செத்துவிடும். கழற்றி வைக்கச் சொன்னதே இதற்கும் சேர்த்துத்தான்.

எடுத்து நல்ல தண்ணீரில் அலசி, பிடரி ஓட்டை கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள். கொம்பெலும்பு உள்ளே கூடு, நெற்றியோடு தொடர்புள்ளது, அதற்குள் தண்ணீர் நின்றால் லேசில் காயாது. வெயிலில் காயப்போட்டால் பல்லில் கீறல் விழும், அதனால் நிழல். ஒரு வாரம்.

சேர்ப்பதும் மாட்டுவதும்

பல்லை எண்ணும்போது பயப்படாதீர்கள். மேல்தாடையில் முன்பல் இருக்காது. தொலைந்துபோகவில்லை, ஆட்டுக்கு அங்கே பல்லே கிடையாது. சித்தப்பா மகன் வாளியடியில் ஒரு மணி நேரம் துழாவினான், நான் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே முன்னால் எட்டு, கடைவாயில் மேலும் கீழுமாக இருபத்து நாலு, மொத்தம் 32. சந்தையில் "ரெண்டு பல்லு, நாலு பல்லு" என்று வயது சொல்வது அந்தக் கீழ் எட்டில் எத்தனை பால்பல் விழுந்து பெரிய பல் முளைத்திருக்கிறது என்பதை வைத்துத்தான். அவன் கிடாவின் வாயில் நடுவில் நாலு அகலப் பல், ஓரங்களில் அரிசி மாதிரி நாலு பால்பல். பல் ஒவ்வொன்றும் அதனதன் குழியில்தான் பொருந்தும், மாற்றி வைத்தால் ஆடும். பொருந்தியதும் ஒரு சொட்டு பெவிக்கால். கீழ்த்தாடை இரண்டு துண்டாக வரும், அதுவும் இயல்புதான், முன்னால் ஒட்டிவிடுங்கள்.

கொம்பு உறைக்குள் கொஞ்சம் எம்சீல் உருட்டி வைத்து, திருகின திசைக்கு எதிர்த் திசையில் திருகிப் பழையபடி மாட்டுங்கள். உறைக்குத் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு லேசாகத் தடவினால் அதன் வரிகள் எழும்பித் தெரியும். எலும்பில் எண்ணெய் படக் கூடாது. வார்னிஷும் வேண்டாம், நாளாக மஞ்சளிக்கும். பெவிக்காலைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்து ஒரு கை பூசினால் போதும்.

பலகைக்கு நான் ஆசாரியிடம் வைரம் பாய்ந்த பனங்கட்டையைத்தான் அறுத்து வாங்குவேன். கறுப்பில் ஓடுகிற அந்த வரிக்கு வெள்ளை எலும்பு எடுப்பாக இருக்கும், கரையானும் லேசில் தொடாது. பிடரி ஓட்டை வழியாகச் செம்புக் கம்பியை விட்டுப் பலகையின் பின்னால் முறுக்கிவிடுங்கள். இரும்புக் கம்பி துருவேறிக் கறையாகும். சமையலறைப் புகை, நேர் வெயில், மழைச் சாரல் இந்த மூன்றும் படாத சுவராகப் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை கொம்பின் அடியில் மாவு மாதிரி தூள் உதிர்கிறதா என்று பார்க்க வேண்டும், உதிர்ந்தால் பூச்சி விழுந்திருக்கிறது. கழற்றி ஒரு பிளாஸ்டிக் பைக்குள் அந்துருண்டையோடு இரண்டு வாரம் கட்டி வையுங்கள்.

சான்றிதழோடு பழைய மான் கொம்பு வீட்டில் இருக்கிறவர்களுக்கு: மேலே சொன்ன எதையும் அதற்குச் செய்யாதீர்கள். காய்ந்த பிரஷால் தூசி தட்டி, பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்த்துங்கள். அந்தப் பழுப்பு நிறம் மரத்திலும் செடியிலும் உரசி மேலாக ஏறியது, பெராக்சைடு பட்டால் திரும்ப வராது.

சித்தப்பா மகனுடையது ஆவணியில் முடிந்தது. அவன் அம்மா வீட்டுக்குள் மாட்டக் கூடாது என்று சொல்லிவிட்டாள். இப்போது தோட்டத்து மோட்டார் ரூமில், சுவிட்ச் போர்டுக்கு மேலே தொங்குகிறது.